இரண்டு காத்தாயிகள்

வலங்கைமான்
மார்கழி 12

அன்புள்ள மலர்க்கொடி அக்காவுக்கு,

செம்மொழி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஃபாஜில் நாளை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அம்மாவின் காரியம் குறையில்லாமல் நடந்தது. ஒரத்தநாட்டிலிருந்து உங்கள் மாமா வந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். தண்ணீர் வடிந்துவிட்டது. சம்பா மொத்தமும் அழுகிப்போயிற்று. உங்கள் வீட்டு மேற்குச் சுவர் விழுந்துவிட்டதால் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம்.

இனி, போனில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன்.

ஆற்றுக் கரை உடைந்த அன்று, தாங்களாக வெளியேற முடியாதவர்களை முதலில் படகில் ஏற்றுவது என்று முடிவானது. அம்சம் அத்தை வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுதித் தந்தார். நான் அதை லேப்டாப்பில் ஏற்றினேன். பைத்தான் என்ற கணினி மொழியில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. ஒரு சாவி, அதற்கு ஒரு விவரம். சாவியைக் கொடுத்தால் விவரம் உடனே வந்துவிடும். நான் பெயரைச் சாவியாக வைத்தேன். தெரு, உடல்நிலை, படகில் ஏற்றியாயிற்றா என்பதெல்லாம் விவரம். அதே சாவியை இரண்டாம் முறை எழுதினால், முதலில் இருந்த விவரம் அழிந்து புதியது அங்கே உட்கார்ந்துகொள்ளும். தவறு என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. எனக்கு இது தெரியும், அக்கா. அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான்.

நம் ஊரில் காத்தாயி இரண்டு பேர். வடக்குத் தெருவில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த உங்கள் அம்மா, கீழத் தெருவில் கண் தெரியாத காத்தாயி. உங்கள் அம்மாவின் விவரத்தைத்தான் முதலில் லேப்டாப்பில் ஏற்றினேன்; கீழத் தெருக்காரருடையதை ஏற்றியதும் அது அழிந்துவிட்டது.

நோட்டில் நாற்பத்தொரு பேர். திரையில் நாற்பது. பார்த்தேன். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். படகு வந்து காத்து நின்றது.

மதியம் நீங்கள் அழைத்து, "அம்மாவ ஏத்திட்டாங்களாடி?" என்று கேட்டீர்கள். பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தியாச்சுக்கா, பள்ளிக்கூடத்துல இருக்காங்க, கவலப்படாதீங்க" என்றேன். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வேறு யாரையாவது அனுப்பியிருப்பீர்கள்.

மறுநாள் விடிந்ததும் கீழத் தெரு காத்தாயிதான் பள்ளிக்கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, "என் பேருக்காரி எங்கடி? அவ கொரலே கேக்கலியே" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் கேட்டார்.

படகோட்டி ராசு அண்ணனோடு நானும் போனேன். அம்மா கட்டிலில், இடுப்பளவு தண்ணீரில், சன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மலரு போன் பண்ணுச்சா?" என்றார். "பண்ணுனாங்கம்மா" என்றேன். ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் கட்டி, மூன்றாம் நாள் போய்விட்டார்.

எல்லோரும் வெள்ளத்தைத்தான் குறை சொல்கிறார்கள். நாற்பது பேரைக் காப்பாற்றியதற்கு எனக்குச் சால்வை போட வேண்டும் என்கிறார் அம்சம் அத்தை. நேற்று பெயரோடு வீட்டு எண்ணையும் சேர்த்துச் சாவியாக மாற்றினேன். ஒரே ஒரு வரிதான், அக்கா.

மாமாவிடமும் ஊரிலும் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வருஷத் திதிக்கு நீங்கள் வரும்போது உங்கள் வாசலில் வந்து நிற்பேன். அடித்தாலும் சரி, துரத்த மட்டும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் படுக்காதீர்கள்.

உங்கள் தங்கை என்று எழுதக் கை வரவில்லை.

செம்மொழி