செவ்வாய்க்கிழமை மாலைக் கொடி

அக்டோபர் 28, காலை

அன்புத் தோழி ஃபுசாயேவுக்கு,

தமயோ தலை வணங்கி எழுதுவது. உன் மகன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அசாஹிகாவாவில் முதல் பனி விழுந்துவிட்டதாக நேற்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். இங்கே இன்னும் மழையும் கடல்காற்றும்தான். ஊறுகாய்க்கு முள்ளங்கியைக் கழுவி, இலையோடு கட்டி, கூரை விளிம்பில் காயப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் நாற்பது. ஒற்றை ஆளுக்கு நாற்பது எதற்கு என்று கேட்பாய். கை பழகிவிட்டது, உனக்கும் சேர்த்தே போட்டுவிடுகிறது.

கடிதத்தைப் பருவத்தில் தொடங்குவதுதான் மரியாதை என்று பள்ளியிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்த மரியாதையைச் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று நாளாக வானிலையையே எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் மஞ்சள் கொடிக் குழுவுக்கு நகராட்சி பாராட்டு விழா எடுக்கிறது. நவம்பர் மூன்றாம் தேதி, மக்கள் மன்றத்தில், நகராட்சித் தலைவர் கையால் பத்திரம். அதில் அச்சடிக்கப்போவதை நகராட்சி ஊழியர் இவாசே நின்றுகொண்டே வாசித்துக் காட்டினார். தனியே வாழும் முதியோர் காலை எட்டு மணிக்குள் வாசல் கம்பத்தில் மஞ்சள் கொடியை மாட்டுவதையும், மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் அதை உள்ளே எடுப்பதையும், பத்து ஆண்டுகள், மழையிலும் பனியிலும், இருவேளையும் நடந்தே சென்று பார்த்து, கொடி தவறிய வீட்டின் கதவைத் தட்டி நலம் விசாரித்த அரும்பணிக்காக என்று ஒரே மூச்சில் போகிறது. ஓனுகி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுத் தலைவி ஆயிற்றே, முதலில் அவர்தானே அழ வேண்டும்.

மேடையேறிப் பத்திரத்தை வாங்க ஒருவர் வேண்டும். ஓனுகி அக்காவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று நடந்ததைக் கேட்டால் நீயே சிரிப்பாய்.

"நான் இதுக்குத் தகுதியானவ இல்ல" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"ஒண்ணு" என்றார் ஓனுகி அக்கா, விரலை மடக்கி.

"இல்லக்கா, நெஜமாவே சொல்றேன். நான் இந்த வேலையில பெரிய தப்பு பண்ணினவ."

"ரெண்டு. இவாசே தம்பி, இன்னும் ஒரு தடவ மறுப்பா, அப்புறம் பேர எழுதிக்கோங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு மூணாவது தடவதான் சரின்னு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இவாசே பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது தடவை எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்தேன். அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் உண்மையைச் சொன்னாலும் பணிவு என்று எடுத்துக்கொள்வார்கள் ஃபுசாயே. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

பத்திரத்தில் ஐந்து பேர் பெயர். உன் பெயர் இல்லை. எட்டு வருடம் நடந்தவளை எப்படி விட்டீர்கள் என்று இவாசேயிடம் கேட்டேன். பாதியில் விலகியவர்கள் பெயரைச் சேர்க்க விதியில்லை என்றார். ஓனுகி அக்கா குரலைத் தாழ்த்தி, "அவ பேரப் போட்டா அந்தப் பழைய பேச்சு மறுபடி கெளம்பும் தமயோ. அவளுக்கே சங்கடம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்தப் பழைய பேச்சை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. அந்த வாரம் உன் முறை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுமாத்தா ஐயா வீட்டைக் கடந்தாய், கொடி இருந்தது, குறித்துக்கொண்டு போனாய். மாலையில் பாட்டு முடிந்தும் கொடி உள்ளே போகவில்லை. கதவைத் தட்டி, என்னையும் கூப்பிட்டு, உள்ளே போனோம். குளியலறை வாசலில் கிடந்தார். முந்தின நாள் இரவே பக்கவாதம் வந்து விழுந்தவர். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் இடது காலும் கையும் இவ்வளவு மோசமாகியிருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

இரவெல்லாம் தரையில் கிடந்தவர் காலையில் எப்படிக் கொடி மாட்டினார் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்படியானால் செவ்வாய் மாலை அவர் அதை உள்ளே எடுக்கவே இல்லை, ஃபுசாயேதான் கவனிக்காமல் குறித்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். செவ்வாய் மாலை கம்பத்தில் கொடி இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று நீ இரண்டு முறை சொன்னாய். யாரோ, "நமக்கும் வயசாகுதில்ல" என்றார்கள். நீ எழுந்து நின்று, நெற்றி மேசையில் முட்டும் அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டாய். மறுவாரம் குழுவின் மஞ்சள் மேலங்கியை மடித்துக் கொடுத்துவிட்டாய். வசந்தத்தில் உன் மகன் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனான்.

போன வெள்ளிக்கிழமை நுமாத்தா ஐயாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். இதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டி, பத்து நிமிடத்தில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை உட்கார்ந்தேன். பேச்சு குழறுகிறது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது. குறும்பு இம்மியும் குறையவில்லை. நான் கொண்டுபோன ஊறுகாயை மோந்து பார்த்து, "உப்புப் போட மறந்துட்டியா, இல்ல நான் செத்துடுவேன்னு பயந்துட்டியா?" என்றார். விழாவைப் பற்றிச் சொன்னேன். உடனே, "ஃபுசாயே ஏன் ஒரு தடவகூட என்னைப் பாக்க வரல? என் மேல கோபமா?" என்று கேட்டார்.

அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை ஃபுசாயே. நோயாளியின் மனசு கஷ்டப்படும் என்று ஊரே சேர்ந்து மறைத்துவிட்டது. நான் சொன்னேன். கூட்டத்தையும், நீ குனிந்து மன்னிப்புக் கேட்டதையும், ஊரை விட்டுப் போனதையும். அவர் ஊறுகாயைத் தள்ளி வைத்தார். பிறகு நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் காலையில நீ வந்தது எனக்குக் கேட்டுது" என்றார்.

ஃபுசாயே, புதன்கிழமை காலை அந்தக் கொடியை மாட்டியவள் நான்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி அல்லவா. நுமாத்தா ஐயா தாமதமாக எழுபவர். எட்டு மணிக்குள் கொடி இல்லாவிட்டால் நாம் கதவைத் தட்டுவோம், ஓனுகி அக்கா கூடவே வந்து அறிவுரை சொல்வார். அது அவருக்கு அவமானமாக இருந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும், காலையில அந்தத் துணிய எடுத்து மாட்டிடு, நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்" என்று என்னிடம் கேட்டார். அதற்கென்றே கொடியை மாலையில் வாசலில் குடை வைக்கும் தொட்டியில் வைப்பார். அடுத்த வீட்டு மனிதருக்குத் தொல்லை குறைகிறதே, நமக்கும் அலைச்சல் மிச்சமாகிறதே என்று செய்தேன். நான்கைந்து மாதம் அப்படித்தான் ஓடியது. ஆள் நலமாக இருக்கிறார் என்று சொல்லத்தானே அந்தக் கொடி? அவரைப் பார்க்காமலே அவர் நலம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். குழுவில் இருந்துகொண்டே.

அன்று காலையும் கம்பம் வெறுமையாக இருந்தது. தொட்டியில் இருந்த கொடியை எடுத்து மாட்டிவிட்டு, வழக்கம்போல, "நுமாத்தா ஐயா, இன்னைக்கும் நான்தான் மாட்டினேன், நல்லாத் தூங்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தேன்.

"கேட்டுது" என்றார் அவர். "உன்னைக் கூப்பிட்டேன் தமயோ. குரல் வரல."

அதன்பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அழுதேன். அவர் கையை விடவில்லை. "என் சோம்பலுக்கு நான்தான் உன்னைக் கூட்டு சேத்தேன். என் காலுக்கு நீ அழ வேண்டாம். ஆனா அவ என்ன பாவம் பண்ணினா? கொடிய வெளிய வெச்சவ நீ. உள்ள எடுத்து வைக்க வேண்டியவளும் நீதான்" என்றார்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். கூட்டத்தில் எழப் போனேன். கை மேசைமேல் இருந்தது. அதற்குள் நீ எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள், நுமாத்தா ஐயா கண் விழித்ததும் அவரே சொல்வார் என்று நினைத்தேன். பிறகு, உன் மகனோடு இருப்பதுதான் உனக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம், வேறொன்றும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் உன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோதுகூட வாயைத் திறக்காதவள் நான்.

இந்தப் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய அட்டையை அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். "இப்போதெல்லாம் எதையும் இரண்டு முறை பார்க்கிறேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. கார் ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுப்பை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். ஞாபக மறதி மருத்துவரிடம் மாதம் ஒரு தடவை போகிறேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே நான் ரயில் ஏறி வந்திருக்க வேண்டும். கொடிக் குழுவில் நம் எல்லோரையும்விடக் கூர்மையான கண் உன்னுடையது. யார் வீட்டு ஜன்னல் திரை மாறியிருக்கிறது, யார் வாசலில் செருப்பு திரும்பிக் கிடக்கிறது என்று நீதான் சொல்வாய். அந்தக் கண்ணை நீயே சந்தேகப்படும்படி செய்துவிட்டு, நான் இங்கே முள்ளங்கி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பத்து மணிக்கு இவாசேயையும் ஓனுகி அக்காவையும் நகராட்சி அலுவலகத்தில் சந்திக்கிறேன். இந்தத் தடவை தகுதியில்லை, தப்பு செய்தவள் என்றெல்லாம் பொதுவாகப் பேசப் போவதில்லை. ஓனுகி அக்கா விரலை மடக்குவதற்கு இடமே இருக்காது. தேதி, நேரம், கொடியை எங்கிருந்து எடுத்தேன் என்பது வரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நுமாத்தா ஐயாவும் நல்ல கையால் கீழே பெயர் எழுதிக் கொடுத்தார், கோழி கிளறியதுபோல இருக்கிறது, ஆனால் அவர் பெயர்தான். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. பத்திரத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடச் சொல்வேன். விதி இல்லை என்பார்கள். விதி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஊருக்குத் தெரிவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை முதலில் எழுதினேன். நகராட்சிக்குப் போகும் வழியில்தான் தபால் பெட்டி. என்னை எனக்குத் தெரியும், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாலும் வருவேன். பெட்டிக்குள் போட்டது திரும்பி வராது. அதனால் இதைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பதில் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் செய். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது இந்தக் கடிதத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு போ. உன் மகனிடமும் மருமகளிடமும் காட்டு. உன் மஞ்சள் மேலங்கி என்னிடம்தான் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை துவைத்து மடித்து வைக்கிறேன். நாற்பது முள்ளங்கியும் புத்தாண்டுக்குள் பதமாகிவிடும்.

அங்கே குளிர் கடுமை. கழுத்தை மூடிக்கொள், வழுக்கும் இடத்தில் மெதுவாக நட. நீ நெடுநாள் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மாலைப் பாட்டு முடிந்தபோது, கம்பத்தில் கொடி இல்லை ஃபுசாயே. நீ பார்த்தது சரி.

உன்
தமயோ