காற்றுக்குக் கீழால் உருண்ட பந்து

என் அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் எங்களுக்கு ஆறு வருஷமாகப் பொய் சொன்னீர்கள். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, முதியோர் இல்லத்தில் உங்களோடு வேலை செய்த மேரி அன்ரியோடு கோல்ஃப் விளையாடப் போனீர்கள். ஹலிஃபக்ஸில் மூன்று நாள் வேலைப் பயிற்சி என்றீர்களே, அதுவும் பொய். அதே நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கடற்கரையோடு ஒட்டிய ஒரு கோல்ஃப் மைதானத்தில் நின்றிருக்கிறீர்கள்.

உங்கள் மட்டைகள் பிக்கரிங் நகரில் அன்ரி வீட்டுக் கராஜில் இருந்தன. நீங்கள் எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதம் கழித்துத்தான் எனக்குக் காட்டினார். கோபம் வந்தது. யாரில் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை. வேலை என்றால் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விளையாட்டு என்றிருந்தால் விட்டிருப்போமா? "அப்ப மத்தியானச் சமையல்?" என்று நான்தான் முதலில் கேட்டிருப்பேன். எங்கள் சனத்தில் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போவதற்கு வேலை ஒன்றுதான் அனுமதிச் சீட்டு.

போன கிழமை உங்கள் மட்டைகளோடு, அன்ரியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடற்கரை மைதானத்துக்குப் போனேன். ஒரு மரம்கூட இல்லை. மேடும் பள்ளமுமாய் மணல்மேல் புல். கடற்காற்று ஆளை நிற்கவே விடவில்லை. ரொறன்ரோவில் நாலு தரம் பழகிய திமிரில் பந்தை உயர அடித்தேன். அது அப்படியே வளைந்து கடலுக்குள் விழுந்தது.

அன்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, உது பட்டம் விடுற இடமில்லை. கொம்மா இஞ்சை பந்தை மேல விடவே இல்லை."

ஏழாம் குழியில் நீங்கள் செய்ததை அவர் சொன்னார். கொடிக்கு நல்ல தூரம், நடுவில் ஒரு மேடு. மற்றவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கிற இடத்தில், குழிக்குக் கிட்ட வைத்து உருட்டுகிற மட்டையை நீங்கள் எடுத்தீர்களாம். பின்னால் காத்து நின்ற நாலு வெள்ளைக்காரர் சிரித்தார்களாம். பந்து நிலத்தோடு உருண்டு, மேடேறி இறங்கி, கொடியடியில் நின்றதாம்.

"அதுக்குப் பிறகு அதில ஒருத்தன் தன்ர பையுக்கை அதே மட்டையைத் தேடினவன்," என்றார் அன்ரி.

நானும் உருட்டிப் பார்த்தேன். ஏழு தரம். ஒவ்வொரு தரமும் பாதி மேட்டில் இருந்து என் காலடிக்கே திரும்பி வந்தது. படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கித் தூக்கி நொந்த தோள் உங்களுடையது. அந்தத் தோளுக்கு இந்த அளவு எப்படித் தெரிந்தது, அம்மா?

அந்த மேட்டில் அன்ரி அன்று உங்களை எடுத்த படம் இப்போது என்னிடம் இருக்கிறது. முழங்கால்வரைக் காற்சட்டை, காற்றில் முகமெல்லாம் தலைமயிர், வாய் நிறையச் சிரிப்பு. வாற மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். நினைவு மலரின் முன்பக்கத்துக்கு அதைக் கொடுத்தேன். அப்பா வேண்டாம் என்கிறார்.

"சனம் என்ன சொல்லும்? அந்தச் சேலைப் படத்தையே போடுவம்."

சேலைப் படத்தில் நீங்கள் யாருக்கோ பயந்தவர்போல் நிற்கிறீர்கள். முன்பக்கத்தில் உங்கள் சிரிப்புத்தான் வரும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் படத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். "அம்மா இப்பிடிச் சிரிச்சு நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

அவர் படத்தைக் கையில் எடுத்தார். உங்கள் சிரிப்பை விரலால் தடவினார்.

"சொல்லுங்கோ, அப்பா."

உங்கள் மூத்த மகள்,
தர்ஷினி