மக்ரூன் அடுப்பும் மீன் பெட்டியும்

மே 4, திங்கள்

கச்சான் காற்று. மேற்கே இருந்து ஒரே தூசி. காலை ஏழுக்கே வியர்வை. முடி வெட்டப் போகவில்லை.

கரண்டு பில் வந்துவிட்டது. ஏழாயிரத்துச் சொச்சம். போன தடவை மூவாயிரம். தங்கச்சி மகள் ரெஜினா போனை நீட்டினாள், நான் கண்ணாடி இல்லாமலேயே படித்தேன். பெரிய எண் என்றால் தானாகத் தெரிகிறது.

இந்தக் குடியிருப்பில் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் சட்டம். சோறு, குழம்பு, குளியல், குடிதண்ணீர் எல்லாம் கரண்டு. கரண்டு போனால் ஐந்து மாடியும் பட்டினி. ரெ. இங்கே தனியாக. மாப்பிள்ளை ஸ்டீபன் கப்பலில். வீட்டுக்கு ஒரு ஆம்பிளைத் துணை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள் என்றே எழுதலாம். மூன்று வருடம் ஆகிறது.

கரண்டு தின்னும் சாமான்கள், என் கைப்பட:

ஏ.சி. - 1
கீசர் - 1 (என் முழங்காலுக்கு)
இண்டக்சன் அடுப்பு, மிக்சி, கிரைண்டர்
துணி துவைக்கும் மெஷின், தண்ணி சுத்தம் பண்ணுவது
ஃபேன் - 4, ஃபிரிட்ஜ், டிவி
ஓவன் - மார்ச்சில் வந்தது. ரெ. இதில் முந்திரி மக்ரூன் இனிப்பு போட்டு விற்கிறாள்.

மீன் பெட்டியை (ஃபிரீசர்) எழுதவில்லை. அது வீட்டுச் சாமான் ஆகாது, உணவு இருப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் இரண்டு மாதமும் ஊருக்கே மீன் இருக்காது, நம் வீட்டில் சீலா இருக்கும். அதற்காகத்தான் மார்ச்சிலேயே பெட்டி வாங்கிப் பால்கனியில் போட்டு நிரப்பி வைத்தேன். ஏற்றுமதிக் கம்பெனிப் பெட்டி. (ஐஸ்கிரீம் கடையில் வாங்கியது. அதற்கு முன் கம்பெனியில் இருந்திருக்கலாம்.) சீலா, விளமீன், பாறை. மொத்தம் முப்பது கிலோ. வெளியே ஐம்பது என்று சொல்லியிருக்கிறேன்.

மே 5, செவ்வாய்

மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஸ்டீபன் பேசினான். கப்பல் சிங்கப்பூரைத் தாண்டுகிறதாம். பில்லைச் சொன்னதும் தொகையை இரண்டு தடவை கேட்டான். பிறகு எதனால் என்று என்னைக் கேட்டான். வீட்டில் கரண்டு விவரம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய காலத்தில், நின்று போன ஒரு கப்பல் ஜெனரேட்டரை ஒற்றை ஸ்பானரால் ஓட வைத்தவன். (ஸ்பானர் கொடுத்தது நான். முடுக்கியவன் கிரேக்கக்காரன்.)

"அடுப்புதான் மாப்ளே. மக்ரூன்னா மணிக்கணக்குல உள்ள கெடந்து காயணும்லா. கப்பல் கரண்டே பாத்தவன் சொல்லுதேன், எழுதி வச்சுக்கோ" என்றேன்.

"அப்ப வித்திருவோம் மாமா. எங்கம்மாவும் அதத்தான் சொல்லுதாவ."

ரெ. பக்கத்திலேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வீட்டு ஆர்டர் எட்டுக் கிலோ இருக்கிறது, அது முடியட்டும் என்றாள். குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். டியூசன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய ஓவன். ஒரு பேக்கரிக்காரர் எடுத்துக்கொள்கிறாராம், திங்கள் வண்டி வரும்.

என் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மதிப்பு. சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லை. புளி அதிகம்.

மே 7, வியாழன்

இரண்டு நாளாக என் ஆட்சி. கீசர் கட் (முழங்கால் தியாகம்). ஏ.சி. இருபத்தாறில். அரிசியை ஊறப்போட்டு வேகவைத்தால் அடுப்பு நேரம் பாதி. அடி வளைந்த சட்டியெல்லாம் பரணில். டிவியை ரிமோட்டில் அணைப்பது பாவம், சுவிட்சில் அணைக்க வேண்டும். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட்டு ஏறும் என்று ரெ.வுக்கு விளக்கினேன். அவள்தான் எனக்குப் போன மாதம் சொன்னது.

தினம் காலை ஆறுக்குக் கீழே போய் மீட்டர் பார்த்து எழுதுகிறேன். ஓவன் எரிந்த நாள்: 16 யூனிட். நேற்று ஓவனைத் தொடவே இல்லை: 14.

பதினாலு எப்படி? யோசித்தேன். எதிர்வீட்டுக்காரர் நம் லைனில் கொக்கி போடுகிறார். வேறு வழியே இல்லை. அவர் வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடியும் ஆள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

மே 8, வெள்ளி

திருட்டைப் பிடிக்க நவாஸை வரவழைத்தேன். காயல்பட்டினத்துக்காரர், ஏ.சி. மெக்கானிக், துபாயில் பத்து வருடம் இருந்தவர். ரெ. முந்திரிப்பருப்பு வாங்க மார்க்கெட் போயிருந்தாள். நல்லதாயிற்று.

வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கீழே வரச் சொன்னார். அணைத்தேன், இறங்கினேன். மீட்டரில் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கியது.

"பாத்தீரா, களவு" என்றேன்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சா அண்ணாச்சி?"

"எல்லாம். மீன் பெட்டி மட்டும் ஓடுது."

"அத ஏன் அணைக்கல?"

"மீன் கெட்டுப் போகும்லா."

மனுஷன் சிரிக்கவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது. மேலே வந்து பெட்டி மூடிக்கு இடையில் ஒரு பழைய பில் தாளை வைத்து மூடி, இழுத்தார். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டது. மூடி ரப்பர் உப்புக் காற்றில் விறைத்து வெடித்திருக்கிறது, குளிர் முழுக்க வெளியே. போதாததற்குப் பால்கனியில் மத்தியானத்திலிருந்து மேற்கு வெயில். பெட்டி ராப்பகல் நிற்காமல் ஓடுகிறதாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே போய்ப் பார்த்தோம். விளக்கு நின்றுவிட்டது.

"நாளொண்ணுக்கு ஆறு யூனிட் இதுவே தின்னுருக்கும். ஓவன் பாவம், ரெண்டுதான்" என்றார். இந்த மாடலுக்கு ரப்பர் கிடைக்காதாம். வேண்டாம் என்றால் உதிரிச் சாமானுக்காக அவரே எடுத்துக்கொள்வார்.

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். ரெ. வந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். பார்க்கணும்னு சொன்னார் என்றேன்.

மே 9, சனி

எட்டுக் கிலோ மக்ரூன். காலையிலிருந்து முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடிக்கிற சத்தம். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறாள், நுரை அசையவில்லை. முந்திரித் தூளை அதன்மேல் தூவி மெதுவாகப் புரட்டுகிறாள். கூம்பு கூம்பாகப் பிழிகிறாள். ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உடைந்ததை எனக்குத் தந்தாள். வாயில் வைத்தால் இல்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை குசினிக்குப் போனேன். முதல் தடவை தண்ணீர் குடித்தேன். இரண்டாவது தடவையும்.

இப்படியும் யோசித்தேன், மறைப்பானேன்: பெட்டியைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் பில் குறையும். ஓவன் போனதால் குறைந்தது என்று ஆகிவிடும். என் பேச்சும் நிலைக்கும். கெட்டிக்கார யோசனைதான்.

மே 10, ஞாயிறு

பூசைக்குப் போனேன். புதுநன்மைப் பிள்ளைகள் வரிசையாக வெள்ளை உடுப்பில். பிரசங்கம் நினைவில்லை.

மக்ரூன் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு அம்மா போனில் கூப்பிட்டு அடுத்த மாதம் கல்யாணத்துக்கு இருபது கிலோ கேட்டார்கள். ரெ. "இனிமே போடலக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு ஓவன் தட்டுகளைத் துடைத்துப் பழைய சேலையில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள்.

மாலை 4, ஸ்டீபன் போன். "அடுத்த பில்லு கொறையும்லா மாமா?"

உப்புக் காற்று, டிரான்ஸ்பார்மர், வோல்டேஜ் என்று ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். நல்ல கதை. உப்புக் காற்று வரைக்கும் சொல்லியும் விட்டேன். ரெ. கடைசித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, அடுப்பு இல்ல. என் மீன் பெட்டி. நான் சொன்னது தப்பு."

"அன்னைக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களே?"

"சொன்னேன்."

ரெ. நிமிர்ந்தாள். "எப்பத் தெரியும் மாமா?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்கு ஞாயிறு."

ரெ. உடனே பேக்கரிக்காரருக்குப் போன் போட்டாள், ஓவன் கொடுக்கவில்லை என்றாள். அடுத்த போன் கல்யாண வீட்டுக்கு. சேலையைப் பிரித்துத் தட்டுகளைத் திரும்ப உள்ளே அடுக்கினாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

மே 11, திங்கள்

காற்று குறைவு. மாத்திரை வாங்கியாயிற்று.

நவாஸ் லோடு ஆட்டோவோடு வந்தார். பெட்டி லிஃப்டில் நுழையவில்லை, மூன்று மாடி படி வழியாக நாலு பேர். நான் பின்னால் பிடித்தேன். (வழி சொன்னேன்.)

மீனைத் தளம் தளமாகக் கொடுத்தோம். ஃபிரிட்ஜில் கொண்டது மூன்று கிலோதான். எதிர்வீட்டுக்காரருக்கு முழு விளமீன் ஒன்று. அவர்மேல் நினைத்ததைச் சொல்லவில்லை, மீன் கொஞ்சம் பெரிதாகப் பார்த்துக் கொடுத்தேன். "தடைக்காலத்துல சீலாவும் விளமீனுமா, எங்கன அண்ணாச்சி கிடச்சுது?" என்று கேட்டார். எனக்காக ஆழ்கடலில் தனியாகத் தூண்டில் போட்டுப் பிடித்தது என்றேன். உண்மையை நேற்றே சொல்லியாயிற்று.

மத்தியானம் சீலா பொரியல். ரெ. காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டில் ஒரு துண்டு வைத்தாள். சாப்பிட்டேன். தலையைத் தூக்காமல் இன்னொரு துண்டும் வைத்தாள், நடுத்துண்டு.