அப்பாவுக்கு நாலு ஊர் விலை

மார்ச் 3, செவ்வாய்

நான் அலுவலகத்தில் இருக்கும்போதுதான் அண்ணன் போன் செய்வான். அங்கே என்னால் கத்த முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

இன்றும் அப்படித்தான். இந்த மாதக் கடைசியோடு அவனுக்கு ஓய்வு. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தலைநகரிலேயே வாங்கியிருக்கும் புது ஃப்ளாட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று அவனுக்கும் அண்ணிக்கும், இன்னொன்று மகனுக்கும் மருமகளுக்கும். பதினாலு வருஷமாக அவனோடு இருக்கும் அப்பாவுக்கு? அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நல்ல ஹோமா பாருடா. நீதான் பர்ச்சேஸ்ல இருக்கியே. நாலு ஊர்ல ரேட் விசாரிச்சு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. உனக்கு அது கைவந்த கலை."

கைவந்த கலையாம்! பம்ப் கம்பெனிக்கு வால்வும் பேரிங்கும் வாங்குகிறவனை அப்பாவுக்கு விலை விசாரிக்கச் சொல்கிறான். நானும் சரி என்றுவிட்டேன். ஏன் சரி என்றேன்? எதிர் மேஜையில் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் ஏழு இடங்களுக்குப் பேசினேன். ஊருக்கு ஒன்றாக நாலைத் தேர்ந்தெடுத்தேன். தலைநகரில் மாதம் அறுபத்திரண்டாயிரம். கடற்கரைப் பக்கம் நாற்பத்தெட்டு. ரயில் ஜங்ஷன் ஊரில் முப்பத்தாறு. எல்லை மாவட்டத்தில் பத்தொன்பது. எல்லா இடத்திலும் ஒரே கட்டில், ஒரே மூன்று வேளைச் சாப்பாடு, ஒரே 'வீட்டைப் போன்ற சூழல்'. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால் மனை விலை என்கிறார்கள், நர்ஸ் சம்பளம் என்கிறார்கள். கடற்கரைக்காரன் மட்டும் 'காத்து சார்' என்றான். காற்றுக்கும் விலை போட்டிருக்கிறான்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. குளிப்பாட்டத் தனி. வீல்சேரில் தள்ளத் தனி. மருந்தை எடுத்துக் கையில் கொடுக்கத் தனி. தலைநகர்க்காரியிடம் கேட்டேன்: "அப்ப அந்த அறுபத்திரண்டு எதுக்கும்மா?"

"அது தங்கறதுக்கு சார்."

மோட்டாருக்கு ஒரு விலை, அது சுற்றுவதற்கு ஒரு விலை என்று எவனாவது எனக்கு எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இவளிடம் "தேங்க்ஸ்" என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 7, சனி

எல்லை மாவட்டத்துக்குப் போய் வந்தேன். போக ஆறரை மணி நேரம், வர ஏழு.

அழுக்கு என்று சொல்ல முடியாது. தரை பளிச்சென்று இருக்கிறது, பினாயில் வாடை மூக்கில் ஏறுகிறது. ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். டாக்டர் மாதத்தில் இரண்டு செவ்வாய் வருவாராம். மற்ற நாளில்? "ஆம்புலன்ஸ் இருக்கு சார், ஒன்றரை மணி நேரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." ஒன்றரை மணி நேரம். அப்பாவுக்கு முதல் தடவை பக்கவாதம் வந்தபோது, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வலது காலோடு பேச்சும் போயிருக்கும் என்றார்கள்.

நடு அறையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது பேர் இருப்பார்கள். ஒருவர்கூட அந்தப் பக்கத்து ஆள் இல்லை. தலைநகரிலிருந்து வந்தவர்கள், கடற்கரையிலிருந்து வந்தவர்கள். எல்லாரையும் என்னைப் போல ஒருத்தன் விலை பார்த்து அனுப்பியிருக்கிறான். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பாவா, அம்மாவா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

முதுகு வலி. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் தொழிலில் டெண்டருக்கு இரண்டு உறை வழக்கம் உண்டு. ஒரு உறையில் தரம், இன்னொன்றில் விலை. முதலில் தர உறையைத் திறந்து, யார் தேறினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேறியவர்களின் விலை உறையைத்தான் அப்புறம் பிரிக்கலாம். விலையைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்லித் தருவது இதைத்தான்.

இன்று நான் என்ன செய்தேன்? நாலு ஊர் விலையையும் பட்டியல் போட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். இடங்கள் எப்படி என்பதைப் பிறகு எழுதுகிறேன் என்று அடியில் ஒரு வரி. பத்து நிமிஷத்தில் தங்கையின் பதில்: 'பத்தொன்பதுதான் சின்னண்ணா நமக்குக் கட்டுப்படியாகும்.' நமக்காம்! எட்டுக் கட்டில் அறையில் படுக்கப்போவது நாமா? இருபத்தொன்பது வருஷ அனுபவம், மண்ணாங்கட்டி. விலை உறையை முதலில் திறந்தவன் நான்தான்.

அவசரத்தில் அலுவலகப் படிவத்திலேயே போட்டிருக்கிறேன் என்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது. பொருள்: அப்பா. அளவு: 1 எண்.

மார்ச் 12, வியாழன்

ஆன்லைனில் பகிர்ந்த பட்டியலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டது அடுத்த முட்டாள்தனம். இன்று திறந்தால் ஐந்தாவதாக ஒரு வரி இருக்கிறது. தங்கை சேர்த்திருக்கிறாள்.

சின்னண்ணன் வீடு. மாதம்: 0. டெபாசிட்: 0. குளிப்பாட்ட: 0.

அண்ணன் அந்த வரிக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறான்.

அலுவலகம் என்றும் பார்க்காமல் மாடிப்படிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"சும்மா ஜோக்குக்குப் போட்டேன் சின்னண்ணா."

"ஜோக்குக்கு ஏன் அவன் பச்சை அடிச்சான்?"

"இல்ல... யோசிச்சுப் பாரேன். நீ தனிக்கட்டை. பொண்டாட்டியா, புள்ளையா? அப்பாவும் உனக்கு ஒரு துணையா இருப்பார்ல?"

"கல்யாணம் ஆகாதவன்னா காலம் பூரா சும்மா இருக்கான்னு அர்த்தமா?"

"இதுல கோவப்பட என்ன இருக்கு?"

என்ன இருக்கா? ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு காலை இழுத்து நடக்கிற எண்பத்தொரு வயது மனிதரை யார் ஏற்றுவது, யார் இறக்குவது, பகல் முழுக்க யார் பார்த்துக்கொள்வது? இதெல்லாம் பூஜ்யமா? என் நேரம் பூஜ்யமா? நான் பூஜ்யமா?

உட்கார்ந்து அந்த வரியை நானே நிரப்பினேன். தரைத்தளத்துக்கு வீடு மாற்றினால் கூடுதல் வாடகை. பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள், வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. கூட்டினால் எழுபத்தொரு ஆயிரம். தலைநகரைவிட ஒன்பது அதிகம். அந்தப் பச்சையையும் அழித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணன் வழக்கம்போல் அலுவலக நேரத்தில். "பெத்த அப்பனுக்கே பில்லு போடறியா? பதினாலு வருஷம் நான் வெச்சுப் பார்த்தேன். ஒரு பைசா கேட்டிருக்கேனா?"

கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இந்த ஒரு விஷயத்தில் அவன் என்னைவிட உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறான், இறங்க மாட்டான். பார்த்துக்கொண்டது அவனல்ல, அண்ணி என்று வாய் வரை வந்தது. எதிர் மேஜை ஆள் தலை தூக்கிப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

மார்ச் 14, சனி

இங்கே எழுதலாம். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

எனக்கு அப்பாவை வைத்துக்கொள்ள இஷ்டமில்லை. மாடி, வேலை, எழுபத்தொரு ஆயிரம் எல்லாம் சாக்கு. நாளைக்கே லிஃப்ட் வந்தாலும் வேறு சாக்கு கண்டுபிடிப்பேன். எனக்கு ஐம்பத்துநாலு வயது. சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருக்க வேண்டும். ரேடியோவின் சத்தத்தை யாரும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நான் இத்தனை வருஷம் சம்பாதித்தது அது ஒன்றுதான். அதை யாருக்கும் தருவதாக இல்லை.

சரி, நான் கெட்டவன். ஆனால் ஒருத்தராவது கேட்டார்களா? 'உனக்குச் சம்மதமாடா' என்று ஒரு வார்த்தை? கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். திட்டு வாங்கிக்கொண்டு முடித்திருப்பேன். கேட்காமலே ஒரு வரியைச் சேர்த்துப் பச்சை அடித்தால் நான் யாரிடம் போய் முடியாது என்று சொல்வது?

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டில் கூடினோம். எங்கே பார்த்தாலும் அட்டைப் பெட்டி. எல்லாவற்றின் மேலும் 'சமையல்', 'புத்தகம்', 'மெத்தை' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்பா அவற்றுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் மட்டும்தான் ஒட்டவில்லை.

"ஏதோ லிஸ்ட் போட்டிருக்கியாமே. காட்டுடா."

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் தங்கையைப் பார்த்தேன். நல்லவேளை, படிவத்தை மாற்றி அச்செடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. தங்கையின் பூஜ்யங்கள், பக்கத்தில் என் எழுபத்தொன்று.

அப்பா நாற்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸில் வாடகை பேசியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார்.

"போற வாடகை மட்டும்தானே போட்டிருக்கே. வர்ற வாடகை எங்கே?"

யாருக்கும் புரியவில்லை.

"எல்லைப் பக்கம் போற வண்டிக்குத் திரும்பி வர லோடு கிடைக்காது. காலியாத்தான் வரணும். அதனால அந்தப் பக்கத்துக்கு நாங்க ஒன்றரை மடங்கு வாங்குவோம். இவன் என்னடான்னா மலிவுன்னு போட்டிருக்கான். நீங்க ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துட்டுப் போக எவ்வளவு ஆகும்? ரெண்டு நாள் லீவு எவ்வளவு? சேத்துப் பாரு. இல்ல, வர்றதா உத்தேசமே இல்லேன்னா பத்தொன்பது சரிதான்."

அண்ணன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். தங்கை மூக்கை உறிஞ்சினாள். அப்பாவின் விரல் ஐந்தாவது வரிக்கு வந்தது.

"பூஜ்யத்துக்கு எவன்டா வண்டி ஓட்டறது? வாடகை வாங்காம ஓட்டறவன் டீசலைத் திருடிடுவான்." பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

'உன்கூட வந்து இருக்கட்டுமாடா' என்று என்னைக் கேட்பார் எனச் சாயங்காலம் வரை காத்திருந்தேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. கிளம்பும்போது, "பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராதே, சளி புடிக்கும்" என்றார். அவ்வளவுதான். வரும் வழியெல்லாம் அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

அலுவலகத்துக்கு அப்பாவே போன்.

"ஜங்ஷன் ஊர் முப்பத்தாறை முப்பத்தொண்ணாக்கிட்டேன்டா. குளிப்பாட்டறது, வீல்சேரு எல்லாம் உள்ளே. மூணு பேருக்கும் ரயில் இருக்கு, உனக்கு ரெண்டு மணி நேரம்."

"எப்படிப்பா குறைச்சாங்க?"

"ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்னு சொன்னேன். அந்தம்மா, 'அதுக்கு மேல இருந்தா?'ன்னு கேட்டா. 'அதுக்கு மேல வண்டி ஓடாது, தைரியமா எழுதிக்கோ'ன்னேன்." சிரித்தார். பேரத்தில் ஜெயித்த சிரிப்பு.

போனை வைத்துவிட்டு, கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அது லேசானதற்காக மறுபடியும் ஒரு தடவை திட்ட வேண்டும் போல இருந்தது.

மார்ச் 18, புதன்

முப்பத்தொன்றைப் பங்கு பிரித்தாயிற்று. அண்ணன் பன்னிரண்டு, நான் பன்னிரண்டு, தங்கை ஏழு. அந்த ஏழுக்கு அரை மணி நேரம் புலம்பல்.

மார்ச் 29, ஞாயிறு

சேர்த்தாயிற்று. இரண்டு கட்டில் அறை, தனி அலமாரி, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு. தங்கை அழுதாள், அழுது முடித்ததும் போட்டோ எடுத்தாள். அண்ணன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மணி பார்த்தான்.

குளியலறையில் கைப்பிடியை வலது சுவரில் அடித்திருக்கிறார்கள். வலுவில்லாத பக்கத்தில் பிடித்து மனிதன் எப்படி எழுந்திருப்பான்? பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நாளைக்கு மாத்திடறேன் சார்" என்றான். நாளைக்கு விழுந்தால் நீ வந்து தூக்குவாயா என்றேன். துளைபோடும் மெஷினைக் கொண்டுவரச் செய்து, இடது பக்கம் மாற்றும் வரை பக்கத்திலேயே நின்றேன். நாலு வாரத்தில் நான் உருப்படியாகக் கோபப்பட்டது இன்றைக்குத்தான்.

ஏப்ரல் 4, சனி

ஆடிட். அப்பாவைப் பார்க்கப் போக முடியவில்லை. முடியவில்லையா?

ஏப்ரல் 11, சனி

காலை ரயிலில் போனேன். அப்பா பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். "இந்த ஆட்டம் முடியட்டும், இருடா" என்றார். அலுவலக அறையில் போய் உட்கார்ந்தேன். மேலாளர் அம்மா ரிட்டயர்ட் நர்ஸ். டீ கொடுத்து, ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று அப்பாவின் ஃபைலை எடுத்தார்.

"எங்க ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு சார், பிள்ளைகளோட ஏன் தங்கலைன்னு. முக்கால்வாசிப் பேர் காலியா விட்டுடுவாங்க. உங்கப்பாதான் எழுதிக்கோம்மான்னு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாருங்க."

அந்த அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: 'பெரியவனிடம் பதினாலு வருஷம் இருந்தாகிவிட்டது. சின்னவனைக் கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடுவான். அவனுக்கு மறுக்கத் தெரியாது. அதனால் கேட்கவில்லை.'

இரண்டு தடவை படித்தேன். நிஜமாகவே அப்படி நம்புகிறாரா? இல்லை, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் என்னை நல்லவனாக எழுதி வைத்துவிட்டாரா? எதிரே நிற்கும் டிரைவரின் முகத்தைப் பார்த்தே இவன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பானா மாட்டானா என்று சொன்ன மனிதர் அவர். ஐம்பத்துநாலு வருஷமாகப் பார்க்கிற என் முகம் மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா?

"இப்படி ஒரு புள்ள கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சார்" என்றார் அந்த அம்மா.

நான் மறுத்துப் பேசவில்லை.