சந்துக்குள் இரண்டு வண்டிகள்

1958 ஆவணி, செவ்வாய் இரவு. ஸ்ரீரங்கம்.

கை இன்னும் எரிகிறது. முருகேசனை அறைந்த கை.

மலைக்கோட்டைக்குக் கீழே நான் காண்ட்ராக்ட் எடுத்து ஜவுளிக் கிடங்கு கட்டும் சந்தில் ஒரு மாட்டுவண்டிதான் நுழைய முடியும். இன்று காலை கொத்தனார் மேஸ்திரி முருகேசனின் செங்கல் வண்டி ஒரு முனையில் நுழைந்தது. தச்சு மேஸ்திரி ஆரோக்கியசாமியின் மர வண்டி மறுமுனையில் நுழைந்தது. நடுவில் கொம்போடு கொம்பு முட்டி நின்றன. யாரும் பின்வாங்கவில்லை. முதலில் மேஸ்திரிகள் இருவரும் சாட்டை வீசினார்கள், பிறகு மண்வெட்டி. ஒரு மாடு கால் முறிந்து விழுந்து கதறியது. முருகேசனின் மண்வெட்டி பட்டு ஆரோக்கியசாமியின் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. பாய்ந்துபோய் முருகேசனை அறைந்தேன். கையில் கல் இருந்திருந்தால் கொன்றிருப்பேன்.

அவன் அசையவில்லை. “அடிங்க முதலாளி. உன் வண்டிதான் மொதல்லன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?”

கீழே கிடந்த ஆரோக்கியசாமி தலையைத் தூக்கினான். “எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாருப்பா.”

சொன்னேன். இத்தனை வருஷமாக எல்லா மேஸ்திரியிடமும் தனித்தனியாக அப்படிச் சொல்லித்தான் வேலை வாங்குகிறேன். ஒருவனை ஒருவன் முந்த ஓடுவான். தீபாவளிக்குள் கிடங்கைத் திறக்க வேண்டாமா?

முருகேசன் மண்வெட்டியைக் கீழே போட்டான். தன் துண்டைக் கிழித்து ஆரோக்கியசாமியின் தலையில் கட்டி, தோள்கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். நானும் பின்னால் போனேன். தையல் போட்டு முடிந்ததும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, நாளை எந்த வண்டி முதலில் என்று பேசி முடித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்த வண்டி என்று எனக்கு இன்னும் தெரியாது.