மறைத்து வைத்த ரிப்போர்ட்

ஆம்பூர்
16.3.1986

அன்பு மகள் சாராவுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் தயவுல இங்கே நாங்க நடமாடிக்கிட்டிருக்கோம், பஹ்ரைன்ல நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கம்மியாயிருக்கு. உன் லெட்டர் கிடைச்சது. அந்த டாக்டரை மன்னிச்சு விட்டுடும்மா, தங்கச்சி திரும்பி வரப்போறாளான்னு எழுதியிருக்கே. வரமாட்டா. அதனாலதான் விடமாட்டேன்.

நடந்ததை உனக்கு யாரும் முழுசா சொல்லலை. செப்டம்பர்ல, வேலை பார்த்த அந்த நர்சிங் ஹோம்ல ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கும்போது உன் தங்கச்சி புஷ்பம் விரல்ல ஊசி ஏறிடுச்சு. டாக்டர்கிட்ட போய்க் காட்டியிருக்கா, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டு வேலையைப் பாருன்னு சொல்லியிருக்கான். கிறிஸ்துமஸுக்குள்ள கண்ணெல்லாம் மஞ்சள், ஜனவரி நாலாம் தேதி அடக்கம் பண்ணோம். அவன் அடக்கத்துக்கு வரலை, கண்ட இடத்துல தண்ணி குடிச்சுக் காமாலை வந்திருக்கும்னு ஊரெல்லாம் சொன்னான். அங்கே லேப்ல இருக்கிற கோதண்டபாணி மனசு கேக்காம ஒரு ரிப்போர்ட்டோட லேப் காப்பியைக் கொண்டாந்து கொடுத்தார். அந்த நோயாளி ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்குன்னு, ஊசி குத்துறதுக்கு நாலு நாள் முன்னாடியே வந்தது. தெரிஞ்சா நர்சுங்க அவர் கிட்ட போகமாட்டாங்கன்னு டாக்டர் அதை மேஜைக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான். அன்னிக்கே வக்கீலைப் பார்த்து கேஸ் போட்டேன்.

போன வாரம் அவனோட நர்சிங் ஹோம் புது மாடி திறப்பு விழா, தோல் பதனிடுற ஷாப் முதலாளிங்க எல்லாம் முன்வரிசையில. கூப்பிடாமலே போனேன். இருபத்தாறு வருஷம் கிளாஸ் எடுத்த தொண்டைக்கு மைக் எதுக்கு, கீழே நின்னே அந்த ரிப்போர்ட்டைப் படிச்சேன், தேதியை ரெண்டு தரம். நோயாளி பேரை மட்டும் மடிச்சு மறைச்சுட்டேன், அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. டாக்டர் முகம் வெளுத்துப்போச்சு. ஜனவரிக்கப்புறம் அன்னிக்குத்தான் சாரா நான் வயிறாரச் சாப்பிட்டேன், அது பாவம்னா கர்த்தர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மறுநாளே ரஃபத் ஜஹானும் இன்னும் மூணு நர்சும் வேலையை விட்டுட்டாங்க, சாட்சி சொல்லவும் வர்றாங்க.

வியாழக்கிழமை கோர்ட் நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு அவனே வீட்டுக்கு வந்தான், வாபஸ் வாங்கிடுங்கம்மா, எனக்கும் பொண்ணு இருக்குன்னு அழுதான். உட்காரச் சொல்லலை. என் பொண்ணு பேரைச் சொல்லிட்டு அப்புறம் பேசுங்கன்னேன். அந்த சிஸ்டர், அந்த சிஸ்டர்ங்கிறான். மூணு வருஷம் அவன்கிட்ட வேலை பார்த்தவ. கையில இருந்த காகிதத்துலயே பேர் இருக்கு, அதைக்கூடப் படிக்கலை. கதவைச் சாத்திட்டேன்.

நீயும் நர்சுதானே, ஜாக்கிரதை. கிளவுஸ் இல்லாம ரத்தத்தைத் தொடாதே, யார் திட்டினாலும் சரி. இதுக்குத் தடுப்பூசி வந்திருக்காமே, அங்கே கிடைச்சா போட்டுக்கிட்டு எனக்கு எழுது. கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும். ஏப்ரல் இருபத்தொண்ணு, வேலூர் கோர்ட்ல விசாரணை. லீவு கேட்டு வந்து என் பக்கத்துல நில்லு.

உன் அம்மா
ஞானசுந்தரி