கைவெடிப்பு மருந்து

அன்புள்ள யசோதினிக்கு,

நான் சுகம். நீயும் மாமியும் சுகம்தானே? நமது இறாலை இங்கே நெதர்லாந்தில் இறக்க விடவில்லை. பதறாதே.

இங்குள்ள ஆய்வுகூடத்தில் இறால் சாற்றைக் குழாயில் ஓட்டிப் பிரித்துப் பார்க்கும் இயந்திரத்துக்குப் புது உணர்கருவி பூட்டியிருக்கிறார்கள். பழையது காணாத துளி மருந்தை இது கண்டுவிட்டது. தடைசெய்த கிருமிக்கொல்லியாம்.

"வாவிக்கரை இறால் குளத்துல மருந்து ஊத்தினீங்களாண்ணே?" என்று முகவர் ரதீஸ் கேட்டான்.

"ஒரு சொட்டும் இல்ல தம்பி."

"அப்ப உரிக்கிற பொம்பிளையள் கையில ஏதும் பூசினவங்களா?"

இறால் உரிக்கும் உங்கள் எல்லோரின் கைவெடிப்புக்கும் அந்த மருந்து கலந்த களிம்பை வாங்கித் தந்தவன் நான்தானே.

முழுவதையும் எரிக்கப் போகிறார்கள். இனி நம்மிடம் யாரும் வாங்கமாட்டார்கள். மற்றப் பெண்களிடம் காரணம் சொல்லாதே, பாவங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் பூசு. உன் கை ஆறிவிட்டதா என்று எழுது.

எரிக்கச் சம்மதக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

உன்,
சிவநேசன்